சன்னத்து ராஜாக்கள்

போன ஆடிப்பெருக்கு அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடுத்தடுத்து இரண்டு படங்கள் வந்தன. முதல் படத்தில் குதிரை மேல் வாளோடு தீரன் சின்னமலை. இரண்டாவது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு ஜமீன்தார் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டுக்கும் கீழே ஒரே வாசகம்: ஆண்ட பரம்பரை. இரண்டுக்கும் ஒரே ஆட்கள்தான் கைகூப்பும் எமோஜி போட்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் என்னைப் போல சரவணம்பட்டி ஐடி கம்பெனிகளில் கோடிங் அடிக்கிறவர்கள்.

முதல் படத்தில் இருப்பவரைத் தூக்கில் போட்ட கூட்டத்தோடுதானே இரண்டாம் படத்துக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று குழுவில் கேட்டேன். "பெரியவங்களப் பத்தி அப்படிப் பேசக்கூடாது கண்ணு" என்றார் ஒரு மாமா. சரி, அங்கே பேசக்கூடாது என்றால் இங்கே பேசுவோம்.

திப்பு 1799ல் விழுந்ததும் கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. அடுத்த வருடமே, 1800 ஜூன் 3ஆம் தேதி, கோவைக் கோட்டையைத் தாக்கும் முயற்சி நடந்து தோற்றது. 42 பேரைத் தூக்கில் போட்டார்கள். 1801ல் விருப்பாட்சி கோபால நாயக்கர், 1805ல் சங்ககிரிக் கோட்டையில் சின்னமலை. இந்தக் கதை நமக்கெல்லாம் தெரியும், பாடப்புத்தகம் முதல் ஃப்ளெக்ஸ் பேனர் வரை இருக்கிறது.

நாம் சொல்லிக்கொள்ளாத கதை ஒன்றும் கூடவே நடந்தது. 1801 டிசம்பரில் கம்பெனி ஒரு பிரகடனம் வெளியிட்டது. தெற்கே பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிபட வேண்டும், யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, அடங்கி நடப்பவர்களுக்கு நிலத்தின் மேல் நிரந்தர உரிமை உண்டு. அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது 1802ன் 25ஆவது ரெகுலேஷன். அந்த உரிமைக்கான பத்திரத்தின் பெயர் சன்னத்து. கொங்கில் பெரும்பகுதி ரயத்துவாரியாகப் போனதால் இங்கே ஜமீன்கள் கம்மி. பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளி, சமத்தூர் மாதிரி சில பாளையங்கள் ஜமீனாகத் தங்கின.

பாளையக்காரர் ஜமீன்தார் ஆனதைப் பெயர் மாற்றம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பழைய பாளையக்காரருக்குக் காவல் என்றொரு பொறுப்பு இருந்தது. ஊரில் மாடு களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஊர் அவருக்குக் காவல் வரி கொடுத்தது. நான் அவரைப் புனிதராக்கவில்லை. காவல் என்ற பேரில் கொள்ளையடித்தவர்களும் உண்டு. ஆனால் ஊர் அவரைக் கேள்வி கேட்க ஒரு பிடி இருந்தது. கம்பெனி காவலைப் பிடுங்கியதும் அந்தப் பிடி அறுந்துபோனது. வசூல் மட்டும் மிச்சம். பேஷ்குஷ் பணத்தைக் கலெக்டருக்குத் தேதி தவறாமல் கட்டினால் போதும், குடியானவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அட்மின் உரிமையைப் பறித்துவிட்டு பில்லிங் ஸ்க்ரீனை மட்டும் திறந்து கொடுத்தார்கள்.

பரம்பரை என்கிறோமே, அதையும் அவர்கள்தான் எழுதிக் கொடுத்தார்கள். மூத்த மகனுக்கு முழு ஜமீன், தம்பிகளுக்கு ஜீவனாம்சம் என்ற வழக்கத்தை எந்தெந்த ஜமீன்களில் மாற்ற முடியாது என்று பட்டியல் போட்டது 1904ஆம் வருட மதராஸ் சட்டம். அதற்கு முன்னும் பின்னும் வாரிசுச் சண்டைகள் லண்டன் ப்ரிவி கவுன்சில் வரை போயின. நம் குல வழக்கம் எது என்று கடல் தாண்டி யாரோ தீர்ப்புச் சொன்னார்கள். தகப்பன் செத்து மகன் மைனராக இருந்தால் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் வந்து எஸ்டேட்டை எடுத்துக்கொள்ளும். பையனைச் சென்னை நியூயிங்டன் பள்ளிக்கு அனுப்பி ஜென்டில்மேன் ஆக்கும். (அந்தப் பள்ளியின் முதல்வர் டி லா ஹே 1919ல் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் விழுந்தது அங்கே படித்த குட்டி ஜமீன்தார்கள் மேலேயே. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இந்த உத்தி நமக்கு மட்டும் செய்யப்பட்டதல்ல. பர்மாவின் கிழக்கு மலைகளில் ஷான் மக்கள், தாய் இனத்தவர். அவர்களைப் பரம்பரையாக ஆண்டவர்கள் சாவ்பாக்கள். 1886ல் பர்மா முழுக்க பிரிட்டிஷ் வசமான பிறகு அவர்களுக்கும் ஒரு பத்திரம் போனது. அதன் பெயரும் சன்னத்துதான்! கப்பம் கட்டு, காடும் கனிமமும் எங்களுடையது, அதிகாரியின் சொல் கேள், மற்றபடி நீயே ராஜா. 1959ல் அவர்கள் தங்கள் பரம்பரை அதிகாரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் சீப்பா என்ற ஊரின் சாவோ க்யா செங். அமெரிக்காவில் சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு வந்தவர், நெல்வயல்களை உழுதவர்களுக்கே கொடுத்தவர் என்று அவருடைய ஆஸ்திரிய மனைவி 'ட்வைலைட் ஓவர் பர்மா' நூலில் எழுதியிருக்கிறார். 1962ல் ராணுவம் பிடித்துக்கொண்டு போனது. திரும்பவே இல்லை. அவருக்கு யாராவது கைகூப்பினால் எனக்குப் புரியும். பத்திரம் கொடுத்த அதிகாரத்தைத் தன் கையால் குறைத்துக்கொண்ட மனிதர்.

நம் ஊரிலும் நல்லது செய்தவர்கள் இல்லாமல் இல்லை. காங்கேயம் மாடு இன்று இனமாக நிற்பதற்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் உழைப்பு பெரிய காரணம். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மாடு வளர்த்ததற்காக மரியாதை செய்யுங்கள், ஆண்டதற்காகச் செய்யாதீர்கள்.

அதிலும் நாங்கள் யாரும் ஆளவில்லை. அப்புச்சி ஒரு ஜமீன் நிலத்தில் குத்தகை ஓட்டியவர். "ஜமீன் வண்டி வந்துச்சுன்னா செருப்பக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கோணும் சாமி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அவர் பேருக்குப் பட்டா. அந்தப் பட்டா இல்லாமல் அம்மாவின் படிப்பில்லை, என் இன்ஜினியரிங்கும் இல்லை. அவருடைய பேரன்கள் இன்று அந்த ஜமீன்தார் படத்தைப் போட்டு ஆண்ட பரம்பரை என்கிறார்கள். அப்புச்சி தோட்டத்திலும் ஒரு மாதாரி குடும்பம் பண்ணையத்துக்கு இருந்தது. அவர்கள் எங்கள் வாசலில் செருப்பை எங்கே வைத்தார்கள் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சின்னமலைக்கு ஓடாநிலையில் மணிமண்டபம், கிண்டியில் சிலை. அவரோடு நின்று வெள்ளைக்காரனிடம் உயிரைக் கொடுத்தவராகக் கொங்கு சொல்லும் அருந்ததியர் வீரர் பொல்லானுக்கு ஒரு மணிமண்டபம் கேட்டு அந்த மக்கள் எத்தனை வருடம் அலைந்தார்கள், அதற்கு யார் யார் முகம் சுளித்தார்கள் என்று ஈரோட்டுப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். சன்னத்து வாங்கியவர் நம்மவர், சண்டை போட்டுச் செத்தவர் வேற ஆள். இது எந்தக் கணக்கு?

அன்றைக்கு ராத்திரி பொல்லானைப் பற்றி நாலு வரி எழுதிக் குழுவில் போட்டேன். எல்லாரும் பார்த்ததாக நீல டிக் வந்தது. காலையில் ஒரு சித்தப்பா ஊர்க் கோயில் கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியலை அனுப்பியிருந்தார். முதல் மரியாதை யாருக்கு என்று அதிலேயே போட்டிருந்தது.