கிஃப்ட் பாக்ஸ் தூண்டில் வாங்காதீங்க மக்களே!

எங்கள் ஊர்ப்பக்கம் கிஃப்ட் பாக்ஸை நாங்களே வாங்குவது அபூர்வம். பெட்டி பெரிசா இருக்கும், ஐட்டம் நிறைய இருக்கும், ஆசைப்பட்டு வெடிக்கிறது ரெண்டுதான் தேறும். விலைப்பட்டியலில் போடுகிற 80% தள்ளுபடி எந்த விலையிலிருந்து கழிக்கிற தள்ளுபடி என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு விவரமான ஆட்கள், கடல் தூண்டில் என்று வந்தால் மட்டும் ஏன் ஏமாறுகிறோம்?

என் நண்பன் ஒருத்தன் தீபாவளி சீசனில் பட்டாசுக் கடையில் பில் போட்டுச் சேர்த்த காசில், இணையத்தில் 1,500 ரூபாய்க்கு ஒரு 'காம்போ செட்' வாங்கினான். மடக்கு ராடு, ரீல், நரம்பு, கலர் கலராய் பொய் இரை, மேலே ஒரு பை. கண்மாயில் ஜிலேபி பிடிக்கிறவரை பிரச்சினை இல்லை. தூத்துக்குடிக்கு மூன்று தடவை போனோம். மூன்றாவது தடவை ரீல் சுற்றவில்லை. ராடின் இணைப்புகளில் மணல் புகுந்து, விரித்தது மடங்கவும் இல்லை. அத்தனை நீளக் கம்போடு பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தோம் :-)

சிரிக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1,500 ரூபாய், மூன்று பயணம். தடவைக்கு 500 ரூபாய்! பி.காம். முதல் வருஷத்தில் படிக்கிற தேய்மானம் இதுதான். கடலில் அந்தத் தேய்மானத்துக்குப் பெயர் உப்பு.

"13 பேரிங் இருக்கு" என்று பெட்டியில் போட்டிருப்பான். எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? பதிமூன்றும் துருப்பிடித்தால் பதிமூன்று தலைவலி.

"பத்தாயிரம் இல்லாமல் கடலுக்கு வராதே" என்கிற அண்ணன்மார்களையும் நான் நம்பவில்லை. முதல் மீன் பிடிக்காதவனுக்கு அது வீண் செலவு. கையில் 4,000 இருந்தால் பெரும்பங்கை, ஒரு 2,500ஐ, ரீலில் போடுங்கள். ஷிமானோ, டைவா மாதிரி கம்பெனிகளின் ஆரம்ப மாடல்களில் 4000 அளவு ரீல் பாருங்கள். உப்பு தின்பது ரீலைத்தான்.

ராடில் மிச்சம் பிடிக்கலாம். கண்ணாடி இழையில் செய்த, இரண்டு துண்டாய்க் கழற்றுகிற, எட்டு ஒன்பது அடி ராடு போதும். கார்பனை விடக் கனம்தான், ஆனால் அடிபட்டாலும் தாங்கும். நரம்பு 0.35 மி.மீ. சாதா நைலான். பின்னல் நரம்புக்கு இப்போது அவசரமில்லை.

மாதம் ஒரு தடவை என்று இரண்டு வருஷம் போனால் 24 பயணம். தடவைக்கு 167 ரூபாய்கூட ஆகவில்லை. எது மலிவு?

"நல்ல ரீலும் துருப்பிடிக்குமே?" பிடிக்கும், கழுவாவிட்டால். டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வேகமாய்ப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். துடைத்துக் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

4,000 இல்லையா? வெட்கப்படவே வேண்டாம். நரம்பு, முள், ஈயக்குண்டு வாங்கிக் கைத்தூண்டில் போடுங்கள். நம் கடலோர மீனவர்கள் ரீல் இல்லாமலே பாறையும் விளமீனும் பிடிக்கிறார்கள். துருப்பிடிக்க முள்ளைத் தவிர அதில் எதுவும் இல்லை!

கைத்தூண்டில் போடுங்கள், இல்லை காசு சேர்த்து நல்ல ரீல் வாங்குங்கள். நடுவில் இருக்கிற அந்தக் கலர் பெட்டி மட்டும் வேண்டாம். சீசன் முழுக்க நின்று சம்பாதித்த காசு சார் அது.