புள்ளடி இட்டோர் வரலாறு

மன்னர் குலமுறை கிளத்துவதே வரலாறு என்பார் இன்றும் உளர். மான்செஸ்ரர் நகரப் பஞ்சாலைத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடுவதை அவர்கள் வெறும் பொழுதுபோக்கென இகழ்வர். இவ்விகழ்ச்சி தகுமா?

1837இல் தொடங்கிய அரசாங்க விவாகப் பதிவுகளைப் புரட்டுக. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்திலே எத்தனை புள்ளடிகள்! 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலோ, வளர்ந்தோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுமாறு விதித்தனர். மனைவியரின் தொழிலைக் குறிக்கவேண்டியதில்லை என்றும் கட்டளையிட்டனர். அரசு அவர்களை எண்ணியது, அறிய முயன்றதில்லை.

இக் குறைப்பதிவுகளைக் கோத்து உழைப்பாளியின் வாழ்வை மீட்போர் பொழுதுபோக்குவோர் அல்லர். மறுக்கப்பட்ட வரலாற்றுக்கு உரிமை கோருவோர். ஆலை அதிபரின் கணக்கேடு வரலாற்றுச் சான்றாகுமெனின், அவ்வாலையில் நூல் நூற்றவளின் புள்ளடி மட்டும் ஏன் சான்றாகாது?