டெக் பக்கம்: மணியாச்சி ஜங்ஷனும் ஆபீஸ் ஃபயர்வாலும்

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி என மூன்று பக்கத் தண்டவாளங்களும் சேரும் இடம் வாஞ்சி மணியாச்சி. எந்த வண்டியை எந்தப் பாதையில் விடுவது என்பது அங்கே சிக்னல் பார்த்துத்தான். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலும் இப்படி ஒரு ஜங்ஷன் வேண்டும். பல அலுவலகங்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலை அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எழுதும் கம்ப்யூட்டர், சிசிடிவி கேமரா, பிரின்டர், வந்து போகிறவர்களின் செல்போன் எல்லாமே ஒரே நெட்வொர்க்கில். இன்டர்நெட் நுழையும் வாசலில் ஃபயர்வால் இருக்கிறது. ஆனால், உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசினால் அது ஃபயர்வால் பக்கமே போகாது. ஒன்றில் வைரஸ் நுழைந்தால் பக்கத்து கம்ப்யூட்டருக்கு நேராகத் தாவிவிடும். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய ‘வான்னாக்ரை’, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே இப்படித்தான் பரவியது.

என்ன செய்யலாம்?

முதலில் நெட்வொர்க்கைப் பிரிக்க வேண்டும். கணக்குப் பிரிவுக்கு 192.168.10 என்று தொடங்கும் முகவரிகள், கேமராக்களுக்கு 192.168.20, விருந்தினர் வை-ஃபைக்கு 192.168.30. இவைதான் சப்நெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ‘கேட்வே’யாக ஃபயர்வாலையே வைத்துவிட்டால், ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் எதுவும் அந்த ஜங்ஷனைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது விதிகள். மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கேமரா பதிவைப் பார்க்கலாம். கேமராவிலிருந்து கணக்குப் பிரிவுக்குள் நுழையக் கூடாது. கேட்டதற்கு வரும் பதிலை ஃபயர்வால் தானே அடையாளம் கண்டு விட்டுவிடும். பட்டியலில் கடைசி விதி, ‘மற்ற எல்லாம் தடை’. ‘பிரின்ட் வரலை’ என்று யாராவது சத்தம் போட்டதும் ‘எல்லாருக்கும் எல்லாம் அனுமதி’ என்று ஒரு விதி போட்டால், பிரித்ததே வீண். பிரின்டருக்கு மட்டும் வழிவிட்டால் போதும்.

பிரித்து வைப்பதன் அருமை புரிய, கூடங்குளத்தைப் பார்க்கலாம். 2019-ல் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பது தெரிந்தது. அது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்தது. முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது என்று இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. அணு உலைக்கு முழுப் பிரிவினை அவசியம். பிரின்டரையும் கேமராவையும் பகிர வேண்டிய சாதாரண அலுவலகத்துக்கு, நடுவில் ஒரு ஃபயர்வால்.

வீட்டிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற வசதி இருக்கிறது. ஸ்மார்ட் டிவி, கேமரா, உறவினர்களின் போன் ஆகியவற்றை அதில் இணையுங்கள். வீட்டு நெட்வொர்க்கைத் தொட அதற்கு அனுமதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பேங்க் வேலை பார்க்கும் போனும் லேப்டாப்பும் தனியாக இருக்கட்டும். ஐந்து நிமிட வேலைதான்!