விதிநூலும் அண்ணாவியாரும்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக, வைத்தியராக, திருடனாகப் பெயர் வைத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசி முடிவெடுக்கிறார்கள். காரியம் பலிக்குமா என்ற ஐயம் வரும்போது பகடை உருளும். பாத்திரமேற்பு விளையாட்டு எனலாம். இவ்வகையில் உலகெங்கும் பேர்பெற்றது ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’. இதை விளையாடுபவர் யார் என்று கேட்டால், கண்ணாடி போட்ட, வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத மேலைநாட்டு இளைஞனையே பலரும் நினைப்பார்கள். அதனால்தான் ஒரு மூத்த நடிகையோ சிறைக்கைதியோ இதில் ஈடுபடுகிறார் என்றால் அது செய்தியாகிறது. ‘இவருமா?’ என்ற அந்த வியப்புக்கு அடிப்படை இல்லை. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலுள்ள அனலைதீவு போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்தால் அது இன்னும் அர்த்தமற்றது. ஓர் இரவு முழுவதும் இன்னொருவராக இருந்து பார்க்கும் பழக்கம் எங்கள் கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் நேற்று வந்ததல்ல.

இந்த விளையாட்டின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். இதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்து, 1970இல் அதை இழந்து, பின்னர் சப்பாத்துத் திருத்திப் பிழைத்தவர். அவரும் டேவ் ஆர்னசனும் எழுதிய விதிநூல்கள் 1974இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வெளிவந்தபோது அச்சானவை 1,000 பெட்டிகள்தாம். முப்பதாண்டு நிறைவையொட்டி 2004இல் வந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் சண்டைப் படங்களால் அறியப்பட்ட வின் டீசல். கூட நடித்த மூத்த நடிகை ஜூடி டென்ச்சுக்கு இதைப் பழக்கியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். நடிகர்களை விடுவோம், நடிப்பது அவர்கள் தொழில். டெக்சாஸ் மாநிலத்தில் மரணதண்டனையை எதிர்நோக்கித் தனியறைகளில் அடைக்கப்பட்டிருந்த கைதிகளின் கதை வேறு. 2023இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் அது விரிவாக வந்தது. அறைக்குள் இருந்தபடியே கத்திப் பேசியும் துண்டுக் கடிதம் கைமாற்றியும் ஆண்டுக்கணக்காக ஒரு கதையை அவர்கள் வளர்த்திருக்கிறார்கள். பகடை வைத்திருக்க விடாததால், எண் காட்டும் சுழல்முள்ளைக் கைக்குக் கிடைத்ததைக்கொண்டு செய்திருக்கிறார்கள். மேசையே இல்லாமல் நடந்த மேசை விளையாட்டு. இவர்களைப் பொருத்தமில்லாதவர்கள் என்று எந்த அளவுகோலால் சொல்வது?

இனி நம் பக்கம். காத்தவராயன் கூத்து யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுப்பகுதியிலும் அம்மன் கோயில் முன்றல்களில் நேர்த்திக்காக விடியவிடிய ஆடப்பட்டு வந்தது. பகலில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவரும் வலை இழுத்தவரும் இரவில் முடி சூடினார்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளைப் பார்த்துப் பாத்திரம் கொடுப்பார். குரல், உடல்வாகு, சபையில் நிற்கும் துணிவு எல்லாம் அவர் கணக்கில் வரும். காத்தவராயனை ஒருவரே ஆடி முடிப்பதுமில்லை. பாலகாத்தான், ஆதிகாத்தான் என்று வயதுக்கொருவராகப் பலர் பங்குபோட்டுக்கொள்வார்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோர ஊர்களில் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் எஸ்தாக்கியாரையும் தேவசகாயம்பிள்ளையையும் ஆடினார்கள். எஸ்தாக்கியார் உரோமைப் படைத்தலைவர். உரோமைப் படைத்தலைவராக நின்று பாடிய ஒருவரிடம், ட்ராகனோடு மோதும் வீரனாகப் பேசுவது உமக்கு ஒத்துவராது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஆனாலும் படித்த சமூகம் நெடுங்காலம் இந்தக் கலையைக் கண்டும் காணாததுபோல இருந்தது; ‘கூத்தாடி’ என்பது வசையாகவே புழங்கியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து, 1962இல் ‘கர்ணன் போர்’ ஆடப்பட்ட பிறகே பலர் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். நாட்டுப்புறத்தாரிடம் இவ்வளவு இருந்ததா என்று வியந்தவர்களுக்குத்தான் அது புதிது. ஆடியவர்களுக்கு அல்ல.

கூத்து வேறு, இந்த விளையாட்டு வேறு என்று ஒருவர் மறுக்கலாம். கூத்தில் கொப்பி உண்டு, பாட்டு உண்டு, முடிவு முன்கூட்டியே தெரியும். எத்தனை தடவை ஆடினாலும் காத்தவராயன் கழுமரம் ஏறியே ஆகவேண்டும். பாத்திரமேற்பு விளையாட்டிலோ யாரும் வசனம் எழுதித் தருவதில்லை. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. கூத்திலும் பகிடிக்காரர் தன் போக்கில் பேச இடம் இருந்தது என்பது சிறு பதில்தான். பெரிய பதில், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நமக்கு இலாபம் என்பது. கூத்துக் களரியில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். யார் எந்த வேடம் கட்டலாம் என்பதில் ஊரின் சாதிக் கணக்கும் நுழைந்தது. மேசையில் அண்ணாவியாரின் அனுமதி வேண்டாம், குரல்வளம் வேண்டாம், சபைக்கு முன் நிற்கவும் வேண்டாம். கூச்சமுள்ள ஒரு பிள்ளைக்கும், மேடையை வாழ்நாள் முழுவதும் பாயில் இருந்தே பார்த்த ஓர் ஆச்சிக்கும் அங்கே இடம் உண்டு. எழுதி வைக்காமல் பாத்திரமாகப் பேசுவது எங்களுக்குப் புதிதுமல்ல. போர்க்காலத்தில் க. சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மேடையேறிப் பழகாதவர்களைக் கொண்டே அப்படியான அரங்கைச் செய்தது.

வயிற்றுப்பாடு கிடக்க விளையாட்டா என்பது அடுத்த கேள்வி. இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகும் கடலில் தொழில் செய்பவரிடம் பகடையை நீட்டுவது பரிகாசமாகத் தெரியலாம். ஆனால் கூத்து வளர்ந்த காலமும் வசதியான காலமல்ல. இல்லாமையோடுதான் அந்த இரவுகளும் இருந்தன. உழைப்பாளிக்கு நிவாரணம் மட்டும் போதும், கற்பனை வேண்டாம் என்று நினைப்பது அவரை மதிப்பதாகாது. பகடை என்றால் சூது என்ற அச்சமும் வரும். பணயம் வைக்காத பகடை சூதல்ல. தாயம் விளையாடிய வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சமயத்துக்கு ஆகாது என்ற கூச்சல் அமெரிக்காவிலேயே 1980களில் பெரிதாக எழுந்தது. இது பிசாசு வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் இட்டுச்செல்லும் என்றார்கள். பிற்கால ஆய்வுகள் அப்படி எதையும் நிறுவவில்லை. விஸ்கொன்சின் சிறை ஒன்றில் இந்த விளையாட்டுக்கு விதிக்கப்பட்ட தடையை 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சரியென்று ஏற்றது. ஒருவர் கதை நடத்த மற்றவர்கள் கேட்பது பாதாளக் கும்பலின் அமைப்பை ஒத்திருக்கிறது என்பது சிறை நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தக் கணக்கில் எங்கள் அண்ணாவிமார் எல்லாரும் கும்பல் தலைவர்கள்தாம்.

மொழியும் செலவுமே உண்மையான தடை. விதிநூல்கள் தடித்தவை, விலை கூடியவை, ஆங்கிலத்தில் உள்ளவை. அதற்கும் வழி பிறந்திருக்கிறது. உரிம நிபந்தனைகளை இறுக்கப் பார்த்த உரிமையாளர் நிறுவனம், விளையாடுவோரின் எதிர்ப்பைச் சந்தித்துப் பின்வாங்கி, 2023 ஜனவரியில் அடிப்படை விதித்தொகுப்பை ‘கிரியேட்டிவ் கொமன்ஸ்’ உரிமத்தில் வெளியிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்; யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அதே ஆண்டில் பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் நிறுவனமே மொழிபெயர்ப்பைக் கொடுத்தது. தமிழில் அதை நாமே செய்யவேண்டும். ட்ராகனை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நெடுந்தீவின் ஒல்லாந்தர் கோட்டையும் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையும் பாய்க்கப்பல் வணிகமும் கதைக்குப் போதாதா?

அனலைதீவுக்குப் பாலம் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்து படகில்தான் போகவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின்திட்டம் அமைக்க இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் கைச்சாத்தானதே 2024 மார்ச்சில்தான். இந்த விளையாட்டு மின்சாரம் கேட்காது, இணையம் கேட்காது. இதற்கு வேண்டிய இருபது பக்கப் பகடை இல்லையென்றால் 1 முதல் 20 வரை துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கலாம். விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வரும் பேரப்பிள்ளைகளில் சிலருக்கு இது ஏற்கெனவே பழக்கமாயிருக்கும். அவர்களுக்கு விதி தெரியும், ஊரில் இருப்பவர்களுக்குக் கதை தெரியும். இருவரும் ஒரே மேசையில் இருக்க வேறு காரணம் எதுவும் வேண்டாம். தீவுப் பாடசாலைகளின் தமிழ், நாடக ஆசிரியர்களும் வாசிகசாலைகளை நடத்துபவர்களும் வரும் விடுமுறையில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கிப் பார்க்கட்டும். பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டு நிறுத்திவிட வேண்டாம். முன்பு வேடம் கட்டி ஆடியவர்களின் வீட்டுக்கும் ஆள் அனுப்புங்கள்.