மரை கழண்ட கேஸ்!

போன மாசம் ஒரு இன்டர்-காலேஜ் கல்ச்சுரல்ஸ். மேடையில நான், கையில கிடார், பக்கத்துல ஒரு மைக் ஸ்டாண்டு, அது மேல எஃபெக்ட்ஸ் பாக்ஸ். ரெண்டாவது பாட்டுல நம்ம கீபோர்டு பார்ட்டி உற்சாகம் தாங்காம ஒரு ஸ்டெப் போட... கால் நேரா என் கேபிள்ல! பாக்ஸ் ஒரு பக்கம், ஸ்டாண்டு ஒரு பக்கம். டமால்! முதல் வரிசைக்காரங்க அதையும் ஷோன்னு நினைச்சுக் கைதட்டினாங்க பாருங்க, அதான் கொடுமை.

சிரிக்காதீங்க பாஸ். அந்த பாக்ஸ் என்னோடது இல்ல. வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்துல நாங்க நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிற மாடி போர்ஷன்ல என் பக்கத்துப் பாய்க்காரனோடது. ஒன்றரை வருஷம் அக்கம்பக்கத்துப் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசுல வாங்கினது. உடைஞ்ச பாக்ஸை நீட்டினப்போ அவன் திட்டவே இல்ல. "எப்படிடா மாட்டியிருந்த?"ன்னு மட்டும் கேட்டான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற என்கிட்ட அதுக்குப் பதிலே இல்ல.

அதை ஏன் ஸ்டாண்டுல ஏத்தணும்னு கேப்பீங்க. காலால மிதிக்கிற பெடலை ஏத்தவே கூடாது. 1977-ல பாஸ் கம்பெனி (நம்ம 'பாஸ்' இல்ல, ஜப்பான் பாஸ்!) குட்டிக் குட்டி பெடல்களைக் கொண்டு வந்ததே காலால தட்டத்தான், அது தரையிலதான் இருக்கணும். ஆனா விரலால தேய்க்கிற, வாசிச்சுக்கிட்டே குமிழ் திருகுற சமாச்சாரங்கள் இருக்கே... அதுக்காகக் குனிஞ்சா பாட்டு போச்சு. கோர்க் கம்பெனி 1999-ல விட்ட கேயாஸ் பேட் அந்த ரகம். ரேடியோஹெட் குழுவோட ஜானி க்ரீன்வுட் மேடையில தாம் யார்க்கோட குரலையே அதுல போட்டுப் பிசைவார். மியூஸ் குழுவோட மேத்யூ பெல்லாமி ஒரு படி மேல. அந்தக் கருவியை இயக்குற தொடுபலகையைக் கிடாரோட உடம்புலயே பதிச்சுச் செஞ்சு வாங்கிட்டார். நமக்கு அவ்ளோ வசதி ஏது? ஸ்டாண்டுதான் கதி.

சரி, நான் மாட்டின லட்சணத்தைச் சொல்றேன். ஒரு பிளைவுட் துண்டு, நடுவுல ஓட்டை, ஹார்டுவேர் கடையில வாங்கின 16 மி.மீ. நட்டு. அது மேல டபுள் சைடு டேப். நட்டு ரெண்டு சுத்து போச்சு, அப்புறம் இறுகிடுச்சு. 'செம டைட்டு'ன்னு நானும் விட்டுட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேத் பட்டறை அண்ணன்கிட்ட அதே ஸ்டாண்டைத் தூக்கிட்டுப் போனேன் (கூட்டமா வர்ற எலெக்ட்ரிக் ட்ரெயின்ல மைக் ஸ்டாண்டோட ஏறிப் பாருங்க, நாலு பேர் சாபம் நிச்சயம்). பாத்த உடனே சொல்லிட்டார், "தம்பி, மரையைக் கொன்னு வச்சிருக்க."

விஷயம் இதுதான். மைக் ஸ்டாண்டுல ரெண்டு வகை மரைதான் பெரும்பாலும் வரும். ஒண்ணு 5/8 இஞ்ச், ஒரு இஞ்சுக்கு 27 மரை. இன்னொண்ணு 3/8 இஞ்ச், 16 மரை. 5/8 இஞ்சும் 16 மி.மீட்டரும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா அந்த நட்டுல மரைக்கு மரை 2 மி.மீ. இடைவெளி, ஸ்டாண்டுல 1 மி.மீ. கூட இல்ல. நான் 'டைட்டு'ன்னு நினைச்சது பிடிப்பு இல்ல, சிக்கல்! பழைய மைக் கிளிப் ஒண்ணைக் கொண்டு வரச் சொல்லி, அதோட மரையை அளந்து, ஒரு இரும்புத் தட்டுல அண்ணனே கடைஞ்சு கொடுத்தார். மியூசிக் கடைகள்ல இதுக்குன்னே அடாப்டர் கிடைக்கும், அதுவும் ஓகே.

பாக்ஸை எதால ஒட்டுறது? வெல்க்ரோதான். நம்ம ஏரியா காலி மனைகள்ல நடந்தா நாயுருவி விதை பேன்ட்ல ஒட்டுமே, கிட்டத்தட்ட அப்படி ஒரு ஒட்டு முள்ளைப் பாத்துத்தான் சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் இதைக் கண்டுபிடிச்சார். பக்கவாட்டுல இழுத்தா தாங்கும். ஒரு மூலையிலேர்ந்து உரிச்சா சுலபமா வந்துடும். கேபிள் செய்யிறது அந்த உரிக்கிற வேலையைத்தான்! அதனால கீழ் விளிம்புல ஒரு எல் ஆங்கிள், பாக்ஸைச் சுத்தி ஒரு பட்டை. ரெண்டையும் போட்டுடுங்க.

இப்போ கொஞ்சம் கணக்கு. ஓடாதீங்க! ஸ்டாண்டுக்கு மூணு கால். நடுக் கம்பியிலேர்ந்து கால் நுனி 30 செ.மீ. தூரம்னு வைங்க. ரெண்டு காலுக்கு நடுவுல பாத்தா ஸ்டாண்டு சாயுற விளிம்பு வெறும் 15 செ.மீ.லயே வந்துடும். எல்லாம் சேர்த்து 4 கிலோ, 90 செ.மீ. உயரத்துல பாக்ஸ். அந்த இடைவெளிப் பக்கமா 670 கிராம் இழுப்பு வந்தாலே ஆள் காலி. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலோட எடை கூட இல்ல! அதே இழுப்பு கால் நீட்டின பக்கமா வந்தா ரெண்டு மடங்கு தாங்கும். உயரத்தை 75 செ.மீ.க்கு இறக்கி, அடியில ரெண்டரை கிலோ மணல் மூட்டை வச்சு, ஒரு காலைக் கேபிள் போற திசைக்குத் திருப்பினா 2.6 கிலோ வரைக்கும் தாங்குது. கிட்டத்தட்ட நாலு மடங்கு.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒண்ணு, அதுக்குப் பத்து பைசா செலவு இல்ல. கேபிளை பாக்ஸ்லேர்ந்து நேரா தரைக்கு விடாதீங்க. கம்பி வழியா இறக்கி, ஸ்டாண்டோட அடியில ஒரு முடிச்சு. மேல ஒரு சாண் தளர்வு. அப்புறம் எவன் மிதிச்சாலும் இழுப்பு அடியிலதான். ஸ்டாண்டு நகரும், சாயாது. ஜாக்கும் பிழைக்கும். அடாப்டர் வயருக்கும் இதேதான்.

பாக்ஸ் சர்வீஸாகி வந்துடுச்சு. பில்லு என் தலையில, மாசா மாசம் தவணை போயிட்டிருக்கு. போன ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில புது செட்டப்பை நிறுத்தினேன். ஓனர் வந்தான், பாக்ஸைப் பாக்கவே இல்ல. கேபிளை வேணும்னே ஓங்கி ஒரு மிதி. ஸ்டாண்டு ரெண்டு இஞ்ச் நகர்ந்து நின்னுச்சு. இன்னொரு மிதி. "அடுத்த ஷோ எப்போ?"ன்னு கேட்டுட்டு, மணல் மூட்டையை அவனே கொஞ்சம் இழுத்து நடுவுல வச்சுட்டுப் போனான்.