வலிக்கலையே என்று இருந்துவிடாதீர்கள்!

கமுதியில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு அந்தக் கட்டி கையில் தட்டுப்பட்டது பங்குனி மாதத்தில். முத்துமாரியம்மன் கோயில் பொங்கலுக்குச் சேத்தாண்டி வேஷம் போட்ட பேரனைத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, தானும் குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ உருண்டையாக நின்றிருக்கிறது. எங்களிடம் சொன்னது கார்த்திகையில்.

நடுவில் எட்டு மாதம். முதலில் மிளகாய்ப் பழம் பறிப்பு. அப்புறம் பேத்திக்குச் சடங்கு. ஆடியில் எதுவும் வேண்டாம். ஐப்பசியில் தீபாவளி. 'ஏன் பெரியம்மா அப்பவே சொல்லல?' என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை. "கல்லு கணக்கா இருந்துச்சு தாயி. ஆனா வலிக்கவே இல்லையே! வலிச்சாத்தானே நோவு? இதைப் போயி ஆம்பளப் புள்ளைககிட்ட எப்படிச் சொல்லுறது?"

வெயிலில் குனிந்து பழம் பறித்து வளர்ந்த தலைமுறைக்கு நோயை அளக்கும் படி ஒன்றே ஒன்றுதான்: வலி. இடுப்பு வலித்தால் தைலம், தலை வலித்தால் மாத்திரை, வலிக்காவிட்டால் வேலை. மார்பகப் புற்றுநோயில் இந்தக் கணக்கு தப்பாகிவிடுகிறது. ஆரம்பத்தில் பெரும்பாலும் அது வலிப்பதே இல்லை.

2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். நோய் தெரிந்து ஐந்து ஆண்டுகள் தாண்டி வாழ்பவர்கள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 90-க்கும் மேல். இந்தியாவில் 66 என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், நம் பெண்கள் தாமதமாக மருத்துவமனைக்கு வருவதும், வந்த பிறகு சிகிச்சை தாமதமாவதும்தான்.

யாருக்கு வரலாம்?

"நாலு புள்ளைக்குப் பால் கொடுத்தவ நான், எனக்கு எப்படி வரும்?" என்பது பெரியம்மாவின் அடுத்த கேள்வி. தாய்ப்பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் முழுசாக விலக்கிவிடாது. 12 வயதுக்கு முன்பே பூப்படைவது, 55 வயதுக்கு மேலும் மாதவிலக்கு நிற்காமல் இருப்பது, முதல் குழந்தையை 30 வயதுக்குப் பிறகு பெறுவது, மாதவிலக்கு நின்ற பிறகு உடல் எடை ஏறுவது, மது ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. அம்மா, அக்கா, தங்கை, சித்திக்கு இருந்ததா என்று பார்ப்பவர்கள் அப்பா வழி அத்தையை மறந்துவிடுகிறோம். அந்த வழியிலும் மரபணு வரும். அம்மாவுக்கோ சகோதரிக்கோ இளம் வயதிலேயே வந்திருந்தால், நீங்கள் எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்று. இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, பெண்ணாக இருப்பதையும் 40 வயதைத் தாண்டியதையும் தவிர வேறு எந்தக் காரணமும் இல்லை. 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்பதை நம்பி அசட்டையாக இருக்க முடியாது.

எதைக் கவனிக்க வேண்டும்?

* மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தட்டுப்படும் கட்டி, தடிப்பு. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
* தோலில் குழி விழுவது, அல்லது ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடிப்பது.
* இதுவரை வெளியே இருந்த காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது. காம்பில் ஆறாத புண், செதில்.
* காம்பிலிருந்து தானாகக் கசியும் ரத்தம் அல்லது நீர்.
* ஒரு பக்கம் மட்டும் அளவோ வடிவமோ மாறுவது, சிவந்து வீங்குவது.

பால் கொடுக்கும் தாய்மார்கள், "பால் கட்டியிருக்கு" என்று விட்டுவிட வேண்டாம். வைத்தியம் செய்தும் இரண்டு வாரத்தில் கரையாத கட்டியை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பயமும் வேண்டாம், மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டு அக்காவோ மருந்துக்கடைக்காரரோ அல்ல. பெரியம்மா இரண்டு மாதம் ஒரு களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாதவிலக்கு தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் கண்ணாடி முன் நின்று, கைகளைத் தொங்கவிட்டும் தூக்கியும் ஒரு முறை பாருங்கள். பிறகு விரல் நுனியால் அல்ல, விரல்களின் தட்டையான பகுதியால், அக்குள் வரை வட்டமாகத் தடவிப் பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையை வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் தேய்த்த கைக்குக் கட்டி எளிதில் தட்டுப்படும். இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று இல்லை. உங்கள் உடம்பின் வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்வதற்கு.

மேமோகிராம் இல்லாத ஊரில்?

'நம்ம ஊர்ல அந்த மெஷின் எங்கே இருக்கு?' என்று கேட்பீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். இந்தப் பிரிவில் நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 30 சதவிகிதம் குறைந்தது. மெஷின் இல்லை, வெறும் கைதான்!

அந்தக் கை நம் ஊரிலும் இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பக, கருப்பை வாய்ப் பரிசோதனைகளை இலவசமாகச் செய்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ போகலாம். செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை இருக்கிறது.

'ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவிவிடும்' என்ற பேச்சையும் நம்பாதீர்கள். அந்தப் பரிசோதனை இல்லாமல் என்ன கட்டி என்றே தெரியாது. மருத்துவரைப் பார்த்த 60 நாளுக்குள் அது என்ன என்பது உறுதியாகிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நாங்கள் 240 நாளைத் தொலைத்தோம்.

அதற்குள் நோய் அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் போய்விட்டது. மார்பை அகற்றி, கீமோ, கதிர்வீச்சு என்று அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் பஸ் ஏறி ஏறி இறங்கியது ஒரு வருடம். மூன்று ஆண்டுகள் ஆகின்றன; பெரியம்மா இருக்கிறார். இடது கையால் குடம் தூக்க முடிவதில்லை. பங்குனியிலேயே போயிருந்தால் இத்தனை பாடு இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னதை அவரே எல்லோரிடமும் சொல்கிறார்.

நூறு நாள் வேலையில் மரத்தடியில் உட்காரும்போது பெண்களிடம் அவர் கேட்பது இதுதான்: "ஏத்தா, உடம்பைத் தடவிப் பார்த்தியா? வலிக்குதானு நான் கேக்கல. கட்டி இருக்கா?" முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தவர்களில் இரண்டு பேர் போன மாதம் அவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதித்து வந்தார்கள். இருவருக்கும் ஒன்றுமில்லை.

இந்த வெள்ளிக்கிழமை நீங்களும் பாருங்கள். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.