பற்றுமா, பற்றாதா?

நம்மூர் பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்னால் கொட்டை எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பார்கள். இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது, இன்கம்ப்ளீட் என்றால் முழுமையில்லாதது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் இதை எப்படிப் புரிந்துகொள்வான்? தீயே பற்றாது என்றுதானே! அவன் மேல் என்ன தப்பு?

வினை லத்தீனில் தொடங்குகிறது. அங்கே 'இன்' இரண்டு உண்டு. ஒன்றுக்கு 'இல்லை' என்று பொருள். இன்னொன்றுக்கு 'உள்ளே'. 'ஃப்ளாம்மா' என்றால் சுடர். 'இன்ஃப்ளாம்மாரே' என்றால் தீ மூட்டுவது. அதிலிருந்து வந்ததுதான் இன்ஃப்ளேமபிள். (உடம்பு வீங்கி எரிந்தால் டாக்டர் சொல்லும் இன்ஃப்ளமேஷனும் இதே குடும்பம்தான்.) 'இன்' இல்லாத ஃப்ளேமபிள் 19-ம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த தம்பி. கூத்து என்னவென்றால், இரண்டுக்கும் பொருள் ஒன்றே!

இந்தக் குழப்பம் உயிரை வாங்கிவிடும் என்று, அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே ஃப்ளேமபிள் என்று எழுதச் சொன்னது. பண்டிதர்கள் விட்டார்களா? ஸ்ட்ரங்க், ஒயிட் இருவரின் புகழ்பெற்ற 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்', குழந்தைகளையும் எழுதப்படிக்கத் தெரியாதவர்களையும் பற்றிக் கவலைப்படும் லாரிக்காரர் வேண்டுமானால் அப்படி எழுதிக்கொள்ளட்டும், மற்றவர்களுக்கு இன்ஃப்ளேமபிள்தான் என்கிறது. என்ன ஒரு தாராளம்! ஏமாறுவது படிக்காதவன் இல்லை ஐயா, முன்னொட்டு விதியை ஒழுங்காகப் படித்தவன்தான்.

அந்த இரண்டு ஆங்கில எழுத்தை அழிக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும். மிச்சமிருக்கும் பெயிண்டில் 'எளிதில் தீப்பற்றும்' என்று பக்கத்திலேயே தமிழிலும் எழுதிவிடலாம்.